செத்த சிலந்திகளையும் எண்ணினோம்

ஹஸ்னா சதுரச் சட்டத்தை வேளாண்மைக்குள் இறக்கிவிட்டுக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

வரம்பில் நின்றபடி கேட்டேன். "என்ன மகள், எண்ணி முடிஞ்சா?"

"எண்ணுறத்துக்கு ஒண்டும் உசிரோட இல்ல டீச்சர். எல்லாம் செத்துக் கிடக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். எங்கள் பக்கத்தில் வயலில் நிற்கும் நெற்பயிருக்கு வேளாண்மை என்றுதான் பெயர். அன்றைக்கு அது முழங்காலுக்கு மேல் வளர்ந்து, பனியில் நனைந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன் அடியில், கணுக்கால் அளவுத் தண்ணீரில், சிலந்திகள் கால்களை மடித்துக்கொண்டு மிதந்தன. யாரோ மிளகைக் கொட்டிவிட்டுப் போனதுபோல. ஓர் ஊசித்தும்பி சிறகு ஒட்டிப்போய்த் தண்ணீரோடு கிடந்தது.

பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். வழக்கமாக வயலுக்குள் கால் வைத்த உடனே அட்டை, அட்டை என்று கத்துகிறவர்கள். அன்றைக்கு ஒருத்தியும் கத்தவில்லை.

அப்போதுதான் அந்த மணம் எனக்கு வந்தது. பூச்சி மருந்தின் மணம். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து என் கணவரின் வயற்சட்டையில் நான் துவைத்துத் துவைத்துப் பழகிய மணம். கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை, நான் பாடசாலை விட்டு வந்தபோது, அந்தச் சட்டை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் தன்னுடைய சட்டையைத் தானே துவைத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

கரும்பலகைப் பருந்து

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்முனைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கடற்கரைத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். வயல் என்றால் பஸ் யன்னலால் தெரிகிற பச்சை, அவ்வளவுதான். வயல்காரரைக் கல்யாணம் முடித்த பிறகும் அந்தப் பச்சை எனக்குக் கொஞ்சம் தூரத்திலேயே இருந்தது.

உணவுச் சங்கிலியை எத்தனையோ வருடங்களாகக் கரும்பலகையில் படிப்பித்தேன். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. பருந்தை நன்றாகக் கீறுவேன். கீறி முடித்ததும் பிள்ளைகள் பார்த்துக் கீற வசதியாக விலகி நிற்பேன்.

ஒரு நாள் பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், தவள வெட்டுக்கிளியப் புடிச்சித் தின்னுறத்த நீங்க கண்டிரிக்கீங்களா?"

குறும்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இல்ல" என்றேன். வகுப்பு சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. ஆக, ஒன்றையும் காணாமலே இத்தனை வருடம் படிப்பித்திருக்கிறேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது.

அதிபரிடம் போய், சனிக்கிழமைகளில் தரம் ஒன்பது பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கேட்டேன். அவர் ஒரு கடிதத்துக்குப் பத்துக் கடிதம் எழுத வைத்தார். பெற்றோர் கூட்டத்தில் பாம்பைப் பற்றிக் கேட்பார்கள், வெயிலைப் பற்றிக் கேட்பார்கள் என்று பதில்களோடு போயிருந்தேன். ஒரு தாய் எழும்பிக் கேட்டது வேறு:

"சனிக்கிழமை டியூசன் இரிக்கி டீச்சர். பூச்சி எண்ணினா மார்க்ஸ் வருமா?"

வரும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டியூசன் தொடங்குவதற்கு முன்னால், ஒன்பது மணிக்கே கொண்டுவந்து விடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள்.

ஒரு வரவை

அடுத்த கேள்வி, யாருடைய வயல்? கேட்ட இடமெல்லாம் முகம் சுருங்கியது. அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடைசெய்து, உரம் கிடைக்காமல் போன போகம் முடிந்து அதிக காலம் ஆகாத நேரம். மருந்து, உரம் இரண்டையும் குறைக்கச் சொல்கிற யாரைக் கண்டாலும் வயல்காரர்களுக்கு வயிறு எரிந்தது. பூச்சியை எண்ண வருகிறோம் என்றால், "எண்ணிட்டு என்ன, மருந்தடிக்க வேணாமெண்டு சொல்லப் போறீங்க, அதுதானே?" என்று கேட்டார்கள்.

கடைசியில் என் கணவர்தான் தந்தார். கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டி, நாவிதன்வெளிப் பக்கத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. வரம்பு கட்டிப் பிரித்த ஒவ்வொரு துண்டையும் வரவை என்போம். அதில் மேற்கு ஓரத்து வரவை ஒன்றை எங்களுக்கு விட்டார். "ஒனக்குச் சொல்லாம அதுக்கு மருந்தடிக்க மாட்டன்" என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னது அது.

அந்த வரவைக்கு மேற்கே, கடலுக்கு எதிர்ப்பக்கம், யோகராசா அண்ணனின் வயல். எங்களைப்போல முஸ்லிம் இல்லை, நாவிதன்வெளித் தமிழர். என் கணவருக்கு வர முடியாத நாட்களில் எங்கள் வயலுக்கும் அவர்தான் தண்ணீர் திறந்து விடுவார். என் கணவரை எங்கள் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் ஆயுதங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். கட்டிலுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையைக் கம்பியில் தைத்து, கூட்டுகிற தும்புத்தடியின் காம்பில் கட்டிய பூச்சி வலை. தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்திய சதுரச் சட்டம். எங்கள் பக்கம் நாற்று நடுவதில்லை, விதைப்புத்தான். வரிசை என்று ஒன்று கிடையாது. அதனால் சட்டத்தை இறக்கி, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணுவோம். பயிரின் அடியைத் தட்டினால் விழுகிறதைப் பிடிக்க ஒரு வெள்ளைத் தட்டு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க, குச்சியில் கட்டிய ஒரு ரிப்பன்.

ரிப்பன் ஹஸ்னாவின் யோசனை. கதை குறைந்த பிள்ளை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் எண்ணியதை எழுதுகிற கொப்பியும் அவள் கையில்தான்.

முதல் மாதம் எண்ணி முடிக்கவே பெரும்பாடு. சிலந்திகள் அவ்வளவு. ஒரு காலை, தவளை ஒன்று பூச்சியைப் பிடிப்பதை ஏழு பேர் ஒன்றாகக் கண்டு, "டீச்சர் கண்டீங்களா, கண்டீங்களா?" என்று குதித்தார்கள். நான் காணவில்லை. அந்த நேரம் பார்த்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

எரிந்த போகம்

என் கணவர் கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காக இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அறக்கொட்டி என்று ஒரு பூச்சி. கபில நிறத் தத்தி என்று புத்தகம் சொல்லும். நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். மேலே பச்சையாகத் தெரிகிற வயல் ஒரு கிழமைக்குள் நெருப்பு வைத்ததுபோல வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். எங்கள் மூத்த மகள் தவழ்ந்து திரிந்த காலத்தில் ஒரு பெரும்போகம் முழுக்க அப்படிப் போனது.

எல்லாம் காய்ந்துபோனதைக் கண்ட அன்றைக்கு அவர் வயலால் வந்து, குழாயடியில் நின்று கால் கழுவினார். காலில் சேறு இல்லை. வரம்போடு நின்றுவிட்டுத் திரும்பியவர் காலில் எங்கே சேறு? ஆனாலும் கழுவிக்கொண்டே நின்றார். நான் போய்க் குழாயைப் பூட்டிய பிறகுதான் உள்ளே வந்தார். அந்தப் போகம் முடியும்வரை அவர் கிட்டங்கிப் பக்கமே போகவில்லை.

அந்த மனிதரிடம்தான் நான் மூன்று நாள் பொறுக்கச் சொன்னேன்.

நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த போகத்தில், ஒரு சனிக்கிழமை மழை வெள்ளம் கிட்டங்கிப் பாலத்துக்கு மேலால் ஓடியது. தண்ணீரில் மிதக்கும் ஆற்றுவாழைச் செடி வந்து பாலத்தை மூடிக் கிடந்தது. நாங்கள் போகிற வான் வண்டி திரும்பிவிட்டது. அந்தக் கிழமை கொப்பியில் வெறும் கோடு. வெள்ளம் வடிந்த புதன்கிழமை அவர் வயலுக்குப் போய்விட்டு வந்து சொன்னார்:

"அறக்கொட்டி ஏறியிரிக்கி. மருந்து வாங்கி வச்சிட்டன்."

"சனிக்கிழமை புள்ளையள் எண்ணட்டுமே. அடியில சிலந்தி நல்லா நிண்டா அதுகளே தின்னும். மூணு நாள்தானே?"

"மூணு நாளையில எல்லாம் போகும். நீ கண்டதானே?"

"அந்த ஒரு வரவையயாவது விடுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

காற்று வீசிய பக்கம்

இப்போது செத்த சிலந்திகளுக்கு வருகிறேன்.

பன்னிரண்டு பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "யாரு டீச்சர் செஞ்ச?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு விடை தெரியும். என் கணவர், இந்த வரவையைத் தந்தவர், வந்த முதற்கிழமை இவர்களை வரம்பில் நடக்கப் பழக்கியவர், வாக்கு மாறிவிட்டார் என்று சொல்ல வேண்டும். என் வாய் அதைச் சொல்லவில்லை.

"பக்கத்து வயலுக்கு அடிச்ச மருந்து காத்தில வந்திரிக்கும்" என்றேன்.

ஹஸ்னா ரிப்பனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், காத்து கடல் பக்கமிருந்துதானே வருது. நம்மட வயலால அங்கதான் போகுது. அங்கிருந்து இஞ்ச வராதே?"

"நேத்து மாறி வீசியிரிக்கும். எழுது."

அவள் பேனையை மூடினாள். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதினாள். மற்றதெல்லாம் பேனையால் எழுதிய கொப்பியில் அந்த ஒரு வரி மட்டும் பென்சிலால். நான் கண்டும் காணாததுபோல, "சரி, செத்ததையும் எண்ணுங்க" என்றேன். எண்ணினார்கள். வான் வண்டியில் வரும்போது யாரும் பாட்டுப் படிக்கவில்லை.

குரல் பதிவு

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை மீனாக இருந்ததால், வந்த செய்தியைச் சத்தமாகப் போட்டேன். பெற்றோர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாயின் குரல்.

"டீச்சர், மகள் வந்து ஒரே அழுக. பக்கத்து வயல் தமிழாள் மருந்தடிச்சி எல்லாத்தையும் சாக்காட்டிட்டாராம். வேணுமெண்டே செஞ்சிரிப்பான் டீச்சர். நம்மட புள்ளையள் வாறது அவனுக்குப் புடிக்கல்ல போல. இனி அந்தப் பக்கம் அனுப்பப் பயமா இரிக்கி."

அதன் கீழே, மெய்தான், மெய்தான் என்று மூன்று நான்கு பேர்.

நான் சொன்னது காற்றைப் பற்றி. அது எங்கள் ஊர் மருதமுனைக்கு வந்து சேருமுன் ஒரு மனிதனைப் பற்றியதாகிவிட்டது. எங்கள் கரையில் ஒரு ஊர் முஸ்லிம்களுடையது, அடுத்த ஊர் தமிழர்களுடையது. இப்படியான கதை ஒன்று எந்த வேகத்தில் வளரும் என்பதை, கலவரங்களைக் கண்ட என் வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தியை வைத்துவிட்டு நின்றேன்.

என் கணவர் வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"யாரச் சொல்றாங்க? யோகராசாவயா?"

"ஓம்."

"யோகராசா இந்தப் போகம் இன்னம் மருந்தே அடிக்கல்லயே. நான்தான் அடிச்ச. நேத்து விடிய சுபஹு தொழுதிட்டுப் போய் எல்லா வரவைக்கும் அடிச்சன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒனக்கு மணத்தில விளங்கல்லயா?"

நான் மீனைக் கழுவத் தொடங்கினேன். நான் தெரிந்தே மறைத்தது அவருக்கு விளங்கிவிட்டது.

திட்டவில்லை. கையை நீட்டி, "போன இஞ்ச தா. எத அமத்தணும்?" என்று கேட்டார். காட்டினேன். நாலு பேருக்கு முன்னால் கதைத்துப் பழக்கமில்லாத மனிதர். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கதைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் டீச்சர்ட மாப்பிள்ளை கதைக்கிறன். அந்த வரவைக்கு மருந்தடிச்சது நான். யோகராசா இல்ல. அறக்கொட்டி கண்டு பயந்து அடிச்சிட்டன். டீச்சருக்கும் சொல்லல்ல. புள்ளையளுக்குத் தந்த வாக்க நான்தான் மாறினன். அந்த மனுசனப் பத்தி யாரும் ஒண்டும் கதைக்க வேணாம்."

விரலை எப்போது எடுப்பது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அமர்த்திப் பிடித்திருந்தார். பதிவின் கடைசியில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

அந்தப் பதிவில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் என்னைப் பற்றிய உண்மையும் அதில் இல்லை. டீச்சர் பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார் என்று தாய்மார் எழுதினார்கள். நான் பதில் எழுதவில்லை.

மூன்றாம் கிழமை

அடுத்த சனிக்கிழமை ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் காத்து நின்றார். பிள்ளைகள் கிட்ட வந்ததும், பதிவில் சொன்னதையே மறுபடியும் சொன்னார். சொல்லும்போது அவர்களைப் பார்க்காமல் வேளாண்மையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஹஸ்னா கொப்பியை விரித்தாள்.

"மாமா, என்ன மருந்து? ஒரு டாங்கித் தண்ணிக்கு எவ்வளவு ஊத்தின? எத்தின மணிக்கு அடிச்ச? நாங்க எழுதணும்."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மருந்தின் பெயரை அவள் எழுத்துக்கூட்டிக் கேட்டதும், ஓடிப்போய் வயற்குடிசையான வாடியிலிருந்து வெறும் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். அவள் பென்சில் வரியை அழித்துவிட்டுப் பேனையால் எழுதினாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் யோகராசா அண்ணனிடம் போனேன். அவர் வரம்பில் தண்ணீர் போகும் வாயான வக்கடையை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன், ஒங்கட பேர் பிழையாப் போயிட்டு. நான் யோசிக்காமச் சொன்ன கதை."

"காக்கா வந்து எல்லாம் சொன்னவர் டீச்சர்." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஆனா ஆரோ ஒரு ஆள் சந்தியில வச்சி ஏன் மருந்தடிச்ச எண்டு கேட்டது. அதுக்குப் பிறகு இண்டைக்கு வான் வாற நேரம் இஞ்சால நிப்பமா வேணாமா எண்டு யோசிச்சிப்போட்டுத்தான் வந்தனான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் எண்ணிக்கொண்டே போனார்கள். முதற்கிழமை அறக்கொட்டியும் இல்லை, சிலந்தியும் இல்லை. என் கணவருக்கு முகம் தெளிந்தது. இரண்டாம் கிழமை தட்டில் ஓரிரண்டு விழுந்தன. மூன்றாம் கிழமை தட்டும் போதெல்லாம் தட்டு கபில நிறமானது. முட்டைக்குள் இருந்தவை பொரித்துவிட்டன. அவற்றைத் தின்ன ஒன்றுமில்லை.

அவர் தட்டைத் தானே வாங்கித் தட்டிப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். "மறுகாலும் அடிச்சாச் சரி வருமா?" என்று கேட்டது என்னை அல்ல, ஹஸ்னாவை.

"தெரியா மாமா" என்றாள் அவள். உண்மையைச் சொன்னாள்.

தண்ணீரை வடிய விட்டு அடியைக் காயப்போடச் சொன்னது யோகராசா அண்ணன். இருவரும் சேர்ந்து வக்கடை திறந்தார்கள். கொஞ்சம் தப்பியது, கொஞ்சம் எரிந்தது. எங்கள் வரவையில் ஐந்தாறு வட்டங்கள். மருந்தடிக்காத யோகராசா அண்ணனின் வயலிலும் ஒரு பாய் அகலத்துக்கு எரிந்தது. யாருக்கும் முழு வெற்றி இல்லை. அதையும் பிள்ளைகள் உள்ளபடி எழுதினார்கள்.

என் கணவர் இன்றைக்கும் மருந்தடிக்கிறார். ஆனால் அடிப்பதற்கு முன் பயிரை விலக்கி, குந்தியிருந்து அடியைப் பார்க்கிறார். சில கிழமைகள் பார்த்துவிட்டுச் சும்மா வருகிறார். அந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. பயம் போகவில்லை. பயத்தோடு பொறுத்திருக்கிறார்.

கையெழுத்து

போகம் முடிந்து வெட்டு மெசின் வந்து போன பிறகு, பாடசாலைக் கண்காட்சிக்கு அந்தக் கொப்பியை வைப்பதாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பொறுப்பாசிரியர் கையெழுத்து வைக்க வேண்டும். இடைவேளையில் விஞ்ஞான அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனேன். ஹஸ்னா மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

அந்தச் சனிக்கிழமையின் பக்கம் வந்தது. காரணம் என்ற இடத்தில், வயல் உரிமையாளர் மருந்து அடித்தது, என்று பேனையால் இருந்தது. அதற்குக் கீழே, குறிப்பு என்ற இடத்தில், அதே முத்து முத்தான எழுத்தில் இரண்டு வரிகள்.

"காற்று அந்தப் பக்கமிருந்து வரவில்லை என்று சொன்னேன். பக்கத்து வயல் மருந்து என்று டீச்சர் எழுதச் சொன்னார்."

குற்றம் சாட்டவில்லை. திகைப்பும் இல்லை. தண்ணீர் மட்டத்தை எழுதுவதுபோல எழுதியிருந்தாள். இந்த இரண்டு வரிகளோடு அது கண்காட்சி மேசையில் கிடக்கும். அதிபர் பார்ப்பார். அந்தத் தாய்மார் பார்ப்பார்கள்.

நான் வாசித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அழிக்கட்டா டீச்சர்?"

அவள் கேட்காமல் விட்டிருந்தால் அழிக்கச் சொல்லி நானே கேட்டிருப்பேனோ என்னவோ.

"வேணாம் மகள்" என்றேன். "அண்டைக்கு எனக்குத் தெரியும். மணத்திலேயே விளங்கிட்டு. தெரிஞ்சிதான் ஒன்ன எழுத வச்சன்."

அவள் தலையை ஆட்டினாள். மன்னிப்பதற்கு அவள் சின்னப் பிள்ளை. மன்னிக்காமல் இருப்பதற்கும்.

அவள் எழுதியதற்குக் கீழே, "இது உண்மை" என்று எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவள் கொப்பியை இரண்டு கையாலும் வாங்கினாள். மை காயும்வரை மூடாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.